ரூட்டுக்கு வரும் கடிதங்களை யார் படிப்பது?

ஒரு சிறிய அச்சகத்துக்கு லினக்ஸ் சர்வர் ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். சிஸ்டம் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருந்தது. அச்சகத்தின் வேலைகளெல்லாம் ஒன்றுக்கொன்று நகலாக ஓடும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில். ஒன்று போனாலும் மற்றது தாங்கும், கவலையே வேண்டாம் என்று முதலாளியிடம் தெம்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் காலையில் போன். "சார், எந்த ஃபைலும் திறக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் இரண்டு டிஸ்க்கும் செத்துக் கிடந்தன. ஒரே நாளில் அல்ல. முதலாவது போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஐந்து மாதம் என்று எனக்குச் சொன்னது அந்தச் சர்வர்தான். முதல் டிஸ்க் போன நாளிலிருந்து அது தினம் ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. நூற்றைம்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் ரூட் பெயருக்கு வந்து, ரூட்டின் பெட்டியிலேயே கிடந்தன. டிஸ்க் தொகுப்புகளைக் கண்காணிக்கும் 'எம்டிஅட்ம்' என்ற நிரல் எழுதியவை. அதன் கடிதத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு பழங்காலப் பணிவு இருக்கும். இது தானாக எழுதப்பட்ட மடல், இன்ன தொகுப்பில் ஒரு டிஸ்க் குறைகிறது என்று சொல்லிவிட்டு, 'தங்கள் உண்மையுள்ள' என்பதுபோல முடித்து, அதற்குக் கீழே ஒரு பின்குறிப்பும் போடும். விஷயம் முழுக்க அந்தப் பின்குறிப்பில்தான். சதுர அடைப்புக்குறிக்குள் டிஸ்க்குக்கு ஒரு இடம். 'யூ' என்ற எழுத்து இருந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது. அடிக்கோடு இருந்தால் அந்த இடம் காலி. [யூயூ] என்று இருக்க வேண்டியது, நூற்றைம்பது கடிதத்திலும் [யூ_] என்று இருந்தது.

புது டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. கடிதத்தை யார் படிப்பது என்று நான் முடிவு செய்யாமல் விட்டதுதான் பிழை. இந்த அத்தியாயம் அந்த முடிவைப் பற்றியது.

கட்டளைகளைப் பற்றி முன்பே சொன்னதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். இந்நூலில் அவற்றை ஒலிப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலத்தில், நான் வேறு சொல்லாதவரை சின்ன எழுத்துகளில் தட்டுங்கள்.

எழுதுவது யார்?

முதல் ஆள் கிரான். குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யும் இந்த நிரலுக்கு ஒரு எளிய வழக்கம் உண்டு: ஓட்டிய வேலை திரையில் எதையாவது எழுதியிருந்தால், அதை அப்படியே மடித்து, வேலைக்கு உரியவருக்கு மடலாக அனுப்பிவிடும். எதுவும் எழுதாத வேலைக்கு மடல் கிடையாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அடுத்தது சூடோ. உரிமையில்லாத யாராவது சூடோ போட்டுப் பார்த்தால், அனுமதியில்லை என்று அவர் திரையில் சொல்வதோடு ரூட்டுக்கு ஒரு புகார் மடலும் எழுதும். பல வருடங்களாக அந்தத் திரைச் செய்தியில் 'இச்சம்பவம் தெரிவிக்கப்படும்' என்ற மிரட்டலும் இருந்தது. யாருக்குத் தெரிவிக்கப்படும் என்று கேட்டால், ரூட்டின் பெட்டிக்கு. அதை யாரும் திறப்பதில்லை என்பதால் மிரட்டல் வெறும் மிரட்டலாகவே இருந்துவிட்டது.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கும் 'ஸ்மார்ட்டி', தானாகவே பாதுகாப்பு அப்டேட்களைப் போடும் நிரல், நாளின் லாக்குகளைச் சுருக்கித் தரும் 'லாக்வாட்ச்' ஆகியவையும் எழுதும், நீங்கள் அவற்றை நிறுவி அனுமதித்திருந்தால்.

ஆனால் எழுதினால் மட்டும் போதாது, கொண்டுபோய்ச் சேர்க்கத் தபால்காரர் வேண்டும். அந்த வேலையைச் செய்பவை சென்ட்மெயில், எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற நிரல்கள். சென்ட்மெயில் 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதியது. எக்ஸிம் 1995இல் கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் எழுதியது. போஸ்ட்ஃபிக்ஸ் ஐபிஎம்மில் இருந்தபோது வீட்சே வெனமா எழுதி 1998இல் வெளிவந்தது. ஒரு காலத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத யூனிக்ஸ் கணினியே கிடையாது. இப்போது பல டிஸ்ட்ரோக்கள் இவற்றைத் தாமாக நிறுவுவதில்லை. அப்போது கிரான் எழுதியது எங்கே போகும்? டெபியனிலும் உபுண்டுவிலும் லாக்கில் ஒரு வரி விழும்: மடல் நிரல் நிறுவப்படவில்லை, எழுதியதைத் தூக்கி எறிகிறேன் என்று. 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையால் உங்கள் லாக்கில் கிரான் வரிகளைத் தேடிப் பாருங்கள். அந்த வரி இருந்தால் உங்கள் கணினியும் கடிதம் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் வேலையாகப் போஸ்ட்ஃபிக்ஸை நிறுவுங்கள். எக்ஸிம் கெட்டதல்ல. பிழை வந்தால் போஸ்ட்ஃபிக்ஸின் லாக் எனக்குப் புரிகிறது, அவ்வளவுதான் காரணம். நிறுவும்போது எந்த வகை என்று ஒரு நீலத் திரையில் கேட்கும். இப்போதைக்கு 'லோக்கல் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினிக்குள்ளேயே மட்டும் கடிதம் போய்வரும், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. கூடவே மடல் படிக்க 'பிஎஸ்டி-மெயில்எக்ஸ்' என்ற பொதியையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறப்பது

டெர்மினலைத் திறந்தவுடன் உங்களுக்கு மடல் இருக்கிறது என்று ஒரு வரி வந்து, அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பீர்கள். எல்லோரும் விடுவதுதான். பேஷ் ஷெல் 60 நொடிக்கு ஒருமுறை உங்கள் பெட்டியைப் பார்த்து, புதிதாக ஏதாவது வந்திருந்தால் அடுத்த பிராம்ப்டுக்கு முன் அதைச் சொல்கிறது.

பெட்டி என்பது ஒரே ஒரு கோப்பு. 'வார்' கோப்புறைக்குள் 'மெயில்', அதற்குள் உங்கள் பயனர் பெயரில் ஒரு கோப்பு. வந்த மடல்கள் எல்லாம் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். சாதாரண எழுத்துக் கோப்புதான் என்பதால் 'லெஸ்' போட்டே படிக்கலாம். அவசரத்துக்கு நானும் அப்படித்தான் படிப்பேன். ஆனால் எடிட்டரில் திறந்து திருத்தாதீர்கள். நீங்கள் சேமிக்கும் நேரத்தில் புதிய மடல் ஒன்று வந்து சேர்ந்தால் அது காணாமல் போகும்.

முறையாகப் படிக்க 'மெயில்' என்று தட்டி என்டர் அடியுங்கள். மடலுக்கு ஒரு வரியாகப் பட்டியல் வரும். வரியின் தொடக்கத்தில் 'என்' இருந்தால் புதியது. 'யூ' இருந்தால் முன்பே வந்து படிக்கப்படாதது. பிறகு வரிசை எண், அனுப்பியவர், தேதி. அதற்குப் பின் 25/982 என்பதுபோல இரண்டு எண்கள் வரும், முதலாவது எத்தனை வரி, அடுத்தது எத்தனை பைட். அப்புறம் தலைப்பு. பழகிவிட்டால் அந்த இரண்டு எண்களே போதும். தினமும் 25 வரியில் வரும் மடல் இன்று 400 வரியில் வந்திருந்தால், வேறு எதையும் விட்டுவிட்டு அதைத் திறப்பேன்.

எண்ணைத் தட்டினால் அந்த மடல் திறக்கும். நீளமான மடலாக இருந்தால் திரை பாதியில் நிற்கும். அங்கே 'கியூ' அழுத்தினால் அந்த மடலிலிருந்து மட்டும்தான் வெளியே வருவீர்கள். பட்டியலுக்கு வந்தபின் 'கியூ' தட்டினால்தான் நிரலைவிட்டு வெளியேறுவது. 'டி'யும் எண்ணும் தட்டினால் அழியும், 'டி'யும் நட்சத்திரக் குறியும் தட்டினால் எல்லாம் அழியும், 'யூ'வும் எண்ணும் தட்டினால் அழித்தது திரும்பும். 'எஸ்', எண், ஒரு கோப்பின் பெயர் என்று தட்டினால் அந்தக் கோப்பில் சேமிக்கும்.

இதில் முதல்முறை எல்லோரும் பதறும் இடம் ஒன்று உண்டு. பத்து மடல் படித்துவிட்டு 'கியூ' தட்டி வெளியேறுகிறீர்கள். மறுபடி திறந்தால் பெட்டி காலி! பயப்பட வேண்டாம். படித்து முடித்தவற்றை உங்கள் ஹோம் கோப்புறையில் 'எம்பாக்ஸ்' என்ற கோப்புக்கு மாற்றுவது இந்த நிரலின் பழைய வழக்கம். 'மெயில்', இடைவெளி, '-எஃப்' என்று தட்டினால் அந்தக் கோப்பு திறக்கும். எதையும் நகர்த்தாமல் வெளியேற வேண்டுமானால் 'கியூ'வுக்குப் பதில் 'எக்ஸ்'. பெர்க்லியில் கர்ட் ஷூன்ஸ் 1978இல் எழுதிய நிரலின் வழித்தோன்றல் இது. அந்தக் காலத்து வீட்டு விதிகள் இன்னும் மாறவில்லை.

ரூட்டின் பெட்டியைப் பார்க்க: 'சூடோ மெயில் -எஃப்', அதன்பின் /வார்/மெயில்/ரூட் என்ற பாதை. அச்சகத்தில் நான் காலம் கடந்து தட்டியது இதைத்தான்.

எக்ஸிம் உள்ள டெபியன் கணினியில் அந்தப் பாதையில் ஒன்றும் இல்லாமல் போகலாம். எக்ஸிம் பாதுகாப்புக் கருதி ரூட் உரிமையோடு எந்தப் பெட்டியிலும் எழுதாது. ரூட்டின் மடலை யாருக்குத் தருவது என்று நீங்கள் சொல்லாவிட்டால், டெபியனின் ஏற்பாட்டின்படி அது /வார்/மெயில்/மெயில் என்ற கோப்பில் போய்ச் சேரும்.

ரூட் பெயருக்கு வருவதை உங்கள் பெயருக்கு மாற்றுவது

தினமும் சூடோ போட்டு ரூட்டின் பெட்டியை எட்டிப் பார்க்கப் போவதில்லை நீங்கள். நானும் இல்லை. அதனால் ரூட்டின் கடிதங்கள் நீங்கள் தினம் நுழையும் கணக்குக்கு வரவேண்டும். ஒரே வரி வேலை இது.

'எட்சி' கோப்புறையில் 'அலியாசஸ்' என்றொரு கோப்பு இருக்கிறது. ரூட் உரிமையோடு அதைத் திறங்கள். போஸ்ட்மாஸ்டருக்கு வருவது ரூட்டுக்குப் போகும் என்று ஒரு வரி ஏற்கெனவே இருக்கும். உங்கள் பயனர் பெயர் 'மணி' என்றால், கீழே இப்படிச் சேருங்கள்:

ரூட்: மணி

சேமித்துவிட்டு 'சூடோ நியூஅலியாசஸ்' என்று தட்டுங்கள். 'நியூஅலியாசஸ்' ஒரே சொல், நடுவில் இடைவெளி கிடையாது. போஸ்ட்ஃபிக்ஸ் அந்த எழுத்துக் கோப்பை நேரடியாகப் படிப்பதில்லை. அதிலிருந்து உருவாக்கிய தரவுக் கோப்பைத்தான் படிக்கும். இந்தக் கட்டளையைத் தட்ட மறந்தால் திருத்தம் காகிதத்திலேயே இருக்கும். 'எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், வரமாட்டேன் என்கிறது' என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் தட்ட மறந்தவர்கள்.

இப்போது சோதனை. 'எக்கோ சோதனை', பிறகு நெட்டுக்கோட்டுக் குறி, பிறகு 'மெயில் -எஸ் சோதனை ரூட்'. சில நொடியில் மணியின் பெட்டியில் மடல் விழ வேண்டும். விழாவிட்டால் 'மெயில்கியூ' தட்டி வரிசையில் நிற்கிறதா பாருங்கள். பிறகு மடல் லாக்கின் கடைசி வரிகளைப் பாருங்கள். 'ஸ்டேட்டஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'சென்ட்' என்றால் சேர்ந்துவிட்டது, 'டெஃபர்ட்' என்றால் காத்திருக்கிறது, 'பவுன்ஸ்டு' என்றால் திரும்பிவிட்டது. காரணம் அதே வரியில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும். அந்த அடைப்புக்குறியைப் படிக்காமல் யாரிடமும் உதவி கேட்காதீர்கள்.

ஜிமெயிலுக்கோ வேறெங்கோ அனுப்புவது

சர்வரில் தினம் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை என்றால் மணியின் பெட்டியும் தூசிதான் படியும். கடிதம் உங்கள் கைபேசிக்கு வரவேண்டும். அலியாசஸ் கோப்பில் பெயருக்குப் பதில் முழு முகவரியைப் போட்டால் போதாதா என்று தோன்றும். எழுத்தளவில் போதும். ஆனால் கடிதம் வாசல் தாண்டாது.

கணினியிலிருந்து நேரடியாக வெளியே மடல் போகும் வழி 25ஆம் எண் போர்ட். குப்பை மடல்களுக்குப் பயந்து பெரும்பாலான வீட்டு இணைய இணைப்புகளிலும் கிளவுடு சர்வர்களிலும் அதை அடைத்து வைத்திருப்பார்கள். அடைக்காமல் இருந்தாலும், ரூட்@குயில் என்று ஊர் பேர் இல்லாத முகவரியிலிருந்து வரும் கடிதத்தை ஜிமெயில் வாங்கிக்கொள்ளாது. ஆகவே நம் கணினி, ஏற்கெனவே மதிப்புள்ள ஒரு மடல் சர்வரிடம் பாஸ்வேர்டு காட்டி நுழைந்து, அதன் கையில் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். அந்த வாசலின் எண் 587. சில இடங்களில் 465.

போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி அமைத்து, இந்த முறை 'இன்டர்நெட் வித் ஸ்மார்ட்ஹோஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'மெயின்.சிஎஃப்' கோப்பில் 'ரிலேஹோஸ்ட்' என்ற இடத்தில் உங்கள் மடல் சேவையின் எஸ்எம்டிபி சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, வெளியே முக்காற்புள்ளியும் 587உம் எழுதுங்கள். அடைப்புக்குறி அலங்காரம் இல்லை. இந்தப் பெயருக்கே நேராகப் போ, இதற்கு மடல் வாங்குபவர் யார் என்று டிஎன்எஸ்ஸில் தேடாதே என்று அதற்கு அர்த்தம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போஸ்ட்ஃபிக்ஸ் கோப்புறையில் 'சாஸ்ல்_பாஸ்டபிள்யூடி' என்ற தனிக் கோப்பில் இருக்கும். அதன் உரிமையை 600 ஆக்கி, ரூட் தவிர யாரும் படிக்க முடியாமல் செய்யுங்கள். பிறகு 'போஸ்ட்மேப்' கட்டளையால் அதைத் தரவுக் கோப்பாக்குங்கள். மெயின்.சிஎஃப்பில் சேர்க்க வேண்டிய மற்ற வரிகள் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன, பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

ஜிமெயில் வழியாக அனுப்புவதானால் உங்கள் வழக்கமான பாஸ்வேர்டு வேலை செய்யாது. 2022 மே மாதத்தோடு கூகுள் அந்தக் கதவை மூடிவிட்டது. கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உருவாக்கி அதைப் போடுங்கள். இதற்கென்றே தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. சர்வர் களவு போனால் அந்தப் பாஸ்வேர்டும் சேர்ந்து போகும்.

டெபியன் குடும்பத்தில் எல்லாம் சரியாக எழுதியும் லாக்கில் 'உருப்படியான முறை எதுவும் கிடைக்கவில்லை' என்ற பொருளில் ஒரு வரி வந்தால், குறை பாஸ்வேர்டில் இல்லை. 'லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ்' என்ற பொதி நிறுவப்படவில்லை. இதற்கு நான் ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவு எதற்கு, 'எம்எஸ்எம்டிபி' என்ற சின்ன நிரலே போதுமே என்று சிலர் சொல்வார்கள். அது எளிதுதான், பத்து வரிக் கோப்பில் முடிந்துவிடும். மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் அதையே நானும் பரிந்துரைப்பேன். ஆனால் அது வரிசையில் வைத்துக் காத்திருக்காது. கடிதம் கொடுத்த நொடியில் இணையம் இல்லையென்றால் கடிதம் போச்சு. போஸ்ட்ஃபிக்ஸ் விட்டு விட்டு முயன்று, தானாக ஐந்து நாள் வரை வைத்திருக்கும். கரண்டும் நெட்டும் அடிக்கடி போகும் இடத்துக்கு அதுதான் சரி.

வெளியே அனுப்பினாலும் உள்ளே ஒரு நகல் இருக்கட்டும்:

ரூட்: மணி, மணி@உதாரணம்.காம்

பாஸ்வேர்டு காலாவதியாகி வெளியே போவது நின்றுபோனால், உள்ளே இருக்கும் நகல்தான் சாட்சி. இந்த மடல்களில் பயனர் பெயர்கள், ஐபி முகவரிகள், சில நேரம் கோப்புகளின் பெயர்களும்கூட இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மருத்துவமனை, வழக்கறிஞர் அலுவலகம் போன்ற இடமென்றால் வெளிப் பெட்டிக்கு அனுப்புமுன் உரியவரிடம் கேட்டுவிடுங்கள்.

சளசளப்பை அடக்குவது

கைபேசிக்கு மடல் வரத் தொடங்கிய முதல் வாரம் ஆசையாகப் படிப்பீர்கள். மூன்றாவது வாரம் தினம் நாற்பது மடல் வந்துகொண்டிருக்கும். நான்காவது வாரம் அவற்றைத் தானாக ஒரு ஃபோல்டருக்குத் தள்ள ஃபில்டர் போடுவீர்கள். அந்த ஃபோல்டர் யாரும் திறக்காத இன்னொரு ரூட் பெட்டி. பெட்டி இடம் மாறியதுதான் மிச்சம்.

பொங்கி வழிபவை பெரும்பாலும் கிரான் மடல்கள். வேலை திரையில் எதையாவது எழுதினால்தான் மடல் என்று சொன்னேனே. பேக்கப் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோப்பாக நகலெடுத்தேன், நகலெடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே போனால் அத்தனையும் மடலாகும். பலர் இதற்குக் கிரான் வரியின் கடைசியில், எழுதுவதை எல்லாம் 'டெவ்/நல்'லுக்குத் தள்ளிவிட்டு, 2>&1 என்று ஒரு வாலையும் ஒட்டிவிடுவார்கள். அந்த வால்தான் ஆபத்து. சாதாரணப் பேச்சோடு பிழைச் செய்திகளையும் அது சேர்த்தே கிணற்றில் போடுகிறது. வாலை வெட்டிவிடுங்கள். வெறும் '>' குறியும் டெவ்/நல்லும் மட்டும் இருந்தால் அரட்டை போகும், பிழைகள் மடலாக வரும்.

இதைவிட எனக்குப் பிடித்தது 'மோர்யூட்டில்ஸ்' பொதியில் வரும் 'க்ரானிக்' என்ற சின்னக் கட்டளை. கிரான் வரியில் உங்கள் ஸ்கிரிப்ட்டின் பெயருக்கு முன்னால் அதைப் போடுங்கள். வேலை ஒழுங்காக முடிந்தால் வாய் திறக்காது. தோற்றால், தொடக்கத்திலிருந்து சொன்னதையெல்லாம் மொத்தமாகக் கொட்டும். ஒரு வேலையின் மடல் மட்டும் வேறொருவருக்குப் போகவேண்டும் என்றால், கிரான் அட்டவணையில் அந்த வரிக்கு மேலே 'மெயில்டூ' என்பதை ஒரே சொல்லாக, எல்லாம் பெரிய எழுத்தில் எழுதி, சமக்குறி போட்டு முகவரி கொடுங்கள். அதற்குக் கீழே உள்ள வரிகளுக்கெல்லாம் அது பொருந்தும். வெற்று மேற்கோள் குறி போட்டால் யாருக்கும் போகாது. இப்படி வாயடைக்கப்பட்ட அட்டவணைகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எவரோ எப்போதோ எரிச்சலில் போட்டது, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பெட்டியும் பெருத்துப் போகும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான வரம்பு 5,12,00,000 பைட். அதைத் தாண்டினால் புதிய மடலை வாங்காது. டெபியனும் உபுண்டுவும் தங்கள் அமைப்பில் இந்த வரம்பை 0 ஆக்கி, அதாவது எல்லையே இல்லாமல் விட்டிருக்கின்றன. அங்கே பெட்டி டிஸ்க்கையே நிரப்பும். மாதம் ஒருமுறை திறந்து 'டி', நட்சத்திரம்.

கடிதம் வராத நாளை எப்படிப் படிப்பது? சளசளப்பை அடக்கியபின் இந்தச் சந்தேகம் வரும். எல்லாம் நலமாக இருந்தாலும் மௌனம், சர்வரே விழுந்துகிடந்தாலும் மௌனம். அதற்காக ஒரே ஒரு மடலை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன். ரூட்டின் கிரான் அட்டவணையில் 0 7 * * 1 என்று எழுதி, பக்கத்தில் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப் -எச்' கட்டளை. திங்கள்தோறும் காலை 7 மணிக்கு ஓடும். அது எதையாவது எழுதும் என்பதால் கிரான் அதை மடலாக்கும். வேறு எந்த ஏற்பாடும் வேண்டாம்.

அச்சகத்தில் இப்போது புதிய டிஸ்க்குகள், புதிய ஏற்பாடு. போன மாதம் ஒரு திங்கள் எட்டு மணி ஆகியும் மடல் வரவில்லை. அச்சகத்துக்குப் போன் போட்டேன். பைண்டிங் பிரிவில் இருப்பவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாரோ செல்போன் சார்ஜர் மாட்டியிருக்கிறார்கள் சார் என்றார். மறுபடி மாட்டச் சொன்னேன். வரிசையில் காத்திருந்த கடிதம் ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தது. டிஸ்க்கில் 61 சதவீதம் நிரம்பியிருந்தது.